நாயோடு பயணம், கையில் கேமரா: கேள்வி பதில்

நாயைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது ஒரு சுகம். அதைப் படமாகவும் எடுக்கக் கிளம்பினால் இரண்டு வேலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வந்த கேள்விகளில் முக்கால்வாசி அந்த முட்டலைப் பற்றியவைதான். கேமராவைப் பற்றிக் கேட்ட பலருக்கும் நாயைப் பற்றியே பதில் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

விருதுநகர். ராஜபாளையம் நாய், டிஎஸ்எல்ஆர் கேமரா: எங்க நாய் பால் வெள்ளை சார். படத்துல சாம்பல் பூத்த மாதிரி வருது. இன்னும் சில படத்துல முகமே வெளுத்துப்போய் கண்ணும் மூக்கும் மட்டும் மிஞ்சுது. என்ன செட்டிங் வைக்கணும்?

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளை நாய் படம் முழுக்க நிறைந்திருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், நாய் சாம்பலாகும். அதே நாய் தூரத்தில் சிறியதாக நிற்க, பின்னால் தோப்பின் இருட்டு இருந்தால், இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், நாய் வெளுத்துப்போகும். அதனால் ஒரே செட்டிங் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. முகம் நிறைந்த படத்துக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா போட்ட வெளிச்சக் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். இருண்ட பின்னணியில் சிறிய நாய் என்றால் −0.7க்கு இறக்குங்கள்.

பிறகு மெனுவில் ஹைலைட் அலர்ட்டை ஆன் செய்யுங்கள். வெளுத்த இடம் திரையில் சிமிட்டும். நெஞ்சிலும் மூக்குத் தண்டின் மேலும் சிமிட்டல் வரக் கூடாது. படத்தைப் பெரிதாக்கி நெஞ்சைப் பாருங்கள். மயிர் பிரிபிரியாகத் தெரிந்தால் சரி. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தால் இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுத்தால் சாம்பலைப் பிறகு வெள்ளையாக்கலாம். முழுதாக வெளுத்ததை மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது.

இன்னொன்று, புல்தரையில் உட்கார வைத்தால் வயிறும் தாடையின் அடியும் பச்சை பூசிக்கொள்ளும். அது புல்லில் பட்டு எகிறும் வெளிச்சம். படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை மாற்றினால் பச்சை குறையும், ஆனால் முதுகு ஊதாவாகிவிடும். கருங்கல் படி, காய்ந்த வரப்பு, செம்மண் தரை இவை நல்லது. செம்மண்ணின் எதிரொளி வெள்ளை நாய்க்கு இளஞ்சூடாக விழும், பார்க்க அழகு. இந்த இனத்தின் மூக்கும் இமை ஓரமும் இளஞ்சிவப்பு. நிறமி குறைந்த அந்தத் தோல் வெயிலில் புண்ணாகும். படத்துக்காக உச்சி வெயிலில் நிறுத்தவே கூடாது.

கோவை. கறுப்பு லேப்ரடார், போன் கேமரா மட்டும்: கரிக்கட்டை மாதிரி வருது, கண்ணு எங்க இருக்குன்னே தெரியல.

கறுப்பு நாயின் கண் தெரிய வேண்டுமானால் அதில் வானம் பிரதிபலிக்க வேண்டும். வேறு வழி இல்லை. திண்ணை ஓரம், மரநிழலின் விளிம்பு, திறந்த காரின் டிக்கி, இப்படி நிழலுக்குள் நாயும் நாய்க்கு எதிரே திறந்த வெளியும் இருக்கும் இடமாகப் பாருங்கள். நாயின் மூக்கு வெளிச்சப் பக்கம் திரும்ப வேண்டும். கண்மணியின் மேல்பாதியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது.

போனில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். போன் இப்போது நாயைச் சாம்பலாக்கப் பார்க்கும். விரலைக் கொஞ்சம் கீழே இழுத்து, கறுப்பு கறுப்பாகும் இடத்தில் நிறுத்துங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், அது காதின் ஓரத்தையும் மீசை மயிரையும் தின்றுவிடும். ஓரடி தூரத்தில் 1எக்ஸில் எடுத்தால் மூக்கு கொழுக்கட்டை மாதிரி பெருத்து, காது சிறுத்துப்போகும். இரண்டடி பின்னால் போய் 2எக்ஸ் அல்லது 3எக்ஸில் எடுங்கள். எடுப்பதற்கு முன் லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடையுங்கள். நாய் வைத்திருப்பவர்களின் போனில் எச்சில் படலம் எப்போதும் இருக்கும். எல்லாப் படமும் புகைமூட்டமாக வருவதற்குப் பலருக்கும் அதுதான் காரணம்.

சென்னை. சிப்பிப்பாறை, மிரர்லெஸ் கேமரா, 70-200 லென்ஸ்: கடற்கரையில ஓட விட்டு எடுக்கிறேன். நூறு படத்துல ரெண்டுதான் தெளிவா இருக்கு. லென்ஸ் பிரச்சினையா?

லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஷட்டர் வேகத்தை முதலில் பாருங்கள். நடக்கும் நாய்க்கு 1/500 நொடி போதும், சாதாரண ஓட்டத்துக்கு 1/1000, சிப்பிப்பாறையின் பாய்ச்சலுக்கு 1/2000க்குக் கீழே போகாதீர்கள். அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, எஃப்4 அல்லது எஃப்5.6. எஃப்2.8இல் இந்த நீள முகத்துக்குக் கண் தெளிவாக இருந்தால் மூக்கு மங்கிவிடும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஆட்டோவில் விட்டு உச்சவரம்பை 6400இல் வையுங்கள். கொஞ்சம் மணல் தூவிய மாதிரி இருக்கும் தெளிவான படம், மழமழவென்ற மங்கலான படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஃபோகஸ், நகரும் நாயை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் இருக்க வேண்டும். விலங்குக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி கேமராவில் இருந்தால் ஆன் செய்யுங்கள். பல கேமராக்களில் மனிதர், விலங்கு என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதரில் விட்டுவிட்டு நாயை எடுப்பவர்கள் நிறையப் பேர். வசதி இல்லாத பழைய கேமராவில் நடுவிலுள்ள ஒரு சிறு ஃபோகஸ் பகுதியை மட்டும் வைத்து நெஞ்சைப் பிடித்துத் தொடருங்கள்.

நேராக உங்களை நோக்கி ஓடி வருவதுதான் மிகக் கடினம், ஏனெனில் ஒவ்வொரு நொடியும் தூரம் மாறுகிறது. முதலில் பக்கவாட்டில், பிறகு சாய்வாக, கடைசியில் நேராக என்று பழகுங்கள். வீட்டு ஆள் ஒருவர் நாற்பது ஐம்பது தப்படி தள்ளி நாயைப் பிடித்திருக்க, நீங்கள் மணலில் முழங்கை ஊன்றிப் படுத்துக் கூப்பிடுங்கள். நாய் கிளம்பியதும் ஃபோகஸ் பொத்தானை மட்டும் அழுத்திப் பின்தொடருங்கள். படத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்த பிறகே தொடர்ந்து சுடுங்கள். கிளம்பும்போதே சுட ஆரம்பித்தால் நல்ல இடம் வரும் நேரத்தில் கேமராவின் தற்காலிக நினைவகம் நிறைந்து நின்றுவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களின் பாய்ச்சலில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு சுற்றில் இரண்டு முறை நான்கு காலும் தரையை விட்டு எழும். கால்கள் வயிற்றுக்கடியில் சுருங்கியபோது ஒரு முறை, முன்னும் பின்னும் வில்லாக நீண்டபோது ஒரு முறை. நீண்ட நிலைதான் இந்த இனத்தின் அழகு. நொடிக்கு 8 அல்லது 10 படம் எடுக்கும் வேகம் இருந்தால் அது சிக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று: ஐந்தாறு ஓட்டத்துக்கு மேல் வேண்டாம். நாக்கின் நுனி அகன்று தட்டையாகி, வாயின் ஓரம் பின்னால் இழுபட்டிருந்தால் உடம்பு சூடேறிவிட்டது என்று பொருள். அந்த முகம் படத்திலும் நன்றாக இராது. இந்த நாய் எதையாவது கண்டு துரத்தினால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. திறந்த கடற்கரையில் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டுங்கள். அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். வேகத்தில் கயிறு இழுபட்டால் கழுத்து தாங்காது. சென்னைக் கரையில் ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நாய்கள் அந்தக் குழியைத் தோண்டிவிடும். அந்தப் பருவத்தில் இருட்டுக்கு முன்னால் கரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கடற்காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கீறிவிடும். நாய்க்குக் குடிக்க வீட்டுத் தண்ணீர் கொண்டு போங்கள். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தி, பேதி நிச்சயம்.

அதே சென்னை வாசகர்: தண்ணியில நனைஞ்சு உதறும்போது எடுக்கிறது எப்படி?

நாய்க்குப் பின்னாலிருந்து காலை வெயில், அதற்குப் பின்னே இருண்ட படகோ மரமோ. ஷட்டர் 1/2000, தூரம் மூன்று மீட்டர். உதறல் தலையில் தொடங்கி வாலுக்குப் போகும். பெரிய நாய் நொடிக்கு நான்கைந்து முறை முறுக்கும். தலை சாயத் தொடங்கும்போதே சுட ஆரம்பியுங்கள். காது இரண்டும் ஒரே பக்கம் பறக்கும் படம் ஒன்றாவது கிடைக்கும்.

தஞ்சாவூர். பீகிள்: கேமராவை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்குது. பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காயுது.

பெயரைக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். பத்து முறை கூப்பிட்டு ஒன்றும் நடக்காவிட்டால் பெயருக்கு மதிப்புப் போய்விடும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் தொடங்குங்கள். முதல் நாள் கேமராவைத் தரையில் வைத்து மோந்து பார்க்க விட்டு, வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். துண்டு சுண்டுவிரல் நகத்தளவு போதும், பெரியதாக இருந்தால் மென்றுகொண்டே இருக்கும். அடுத்த நாட்களில் கிளிக் சத்தம், உடனே துண்டு. பிறகு கேமராவைக் கண்ணுக்குத் தூக்கி ஒரு கிளிக், உடனே துண்டு. பெரிய லென்ஸ் நாய்க்கு முறைத்துப் பார்க்கும் கண் மாதிரி. அது பயப்பட வேண்டியதில்லை என்று கற்றுக்கொள்ள நாலைந்து நாளாகும்.

எடுக்கும் நேரத்தில் புதிய சத்தம் ஒன்றை ஒரே ஒரு முறை எழுப்புங்கள்: நாக்கைச் சொடுக்குவது, காகிதப் பையைக் கசக்குவது. தலை சாய்ந்து காது எழும் அந்த அரை நொடிதான் படம். மூன்றாவது முறை அதே சத்தம் வேலை செய்யாது. உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி, கண்ணோர வெள்ளை தெரிவது, காது பின்னால் ஒட்டிக்கொள்வது, இவை வந்தால் நாய்க்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு அத்தோடு சரி. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திராட்சை, சாக்லேட், வெங்காயம் கலந்த எதையும் பரிசாகக் கொடுக்காதீர்கள். நாய்க்கு அவை நஞ்சு.

திருச்சி. பொமரேனியன்: ரயில்ல கூட்டிட்டுப் போக முடியுமா? ஜன்னலோரம் உட்கார வெச்சு ஒரு படம் எடுக்க ஆசை.

முடியும், ஆனால் முதல் வகுப்பில் மட்டும்தான் கூடவே வைத்துக்கொள்ளலாம். இரண்டு படுக்கை கொண்ட கூபே அல்லது நான்கு படுக்கை கொண்ட கேபின் முழுதும் உங்கள் டிக்கெட்டாக இருக்க வேண்டும். கூபே ஒதுக்கீடு சார்ட் போடும்போதுதான் முடிவாகும். முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் அனுமதி இல்லை. கிளம்பும் நாளன்று தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று, டிக்கெட் நகல் எல்லாவற்றோடும் நேரத்தோடு பார்சல் அலுவலகத்துக்குப் போய் நாய்க்கான கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். இன்னொரு வழி, கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. இருட்டு, வெக்கை, சத்தம் எல்லாம் சேர்ந்த இடம் அது. கோடையில் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜன்னல் படத்துக்கு லென்ஸைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாதீர்கள். நாய் வெளியே பார்க்க, நீங்கள் ஜன்னல் பக்கத்து மூலையில் சாய்ந்து முகத்தைப் பக்கவாட்டில் எடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும். உள்விளக்கை அணையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் சட்டைதான் தெரியும். பெட்டி ஆடும், ஷட்டர் 1/250க்குக் குறையக் கூடாது. தண்டவாளத்தின் நடுவே நாயை உட்கார வைத்து எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 1989 ரயில்வே சட்டம் 147வது பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம். அதைவிட, மின்சார ரயில் வரும் சத்தம் கடைசி நேரம்வரை கேட்காது.

நாமக்கல். கோம்பை நாய்: கொல்லிமலைக்குக் காரில் போறோம். போன தடவை வழியெல்லாம் வாந்தி. மேலே போனா பனி, படமெல்லாம் வெளிறிப்போச்சு.

எழுபது கொண்டை ஊசி வளைவு, மனிதனுக்கே தலை சுற்றும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பின்சீட்டில் மார்புப் பட்டையோடு கட்டி, முன்பக்கம் பார்த்தபடி இருக்க வையுங்கள். ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருக்கட்டும். பதினைந்து இருபது வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி ஐந்து நிமிடம் நடத்துங்கள். குரங்குகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மட்டும் கதவைத் திறக்காதீர்கள்.

பனியில் வெளிறுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஏசி காரிலிருந்து எடுத்த குளிர்ந்த லென்ஸில் ஈரம் படிவது. மலை ஏறும்போதே ஏசியை அணைத்து, கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள், இறங்கிய பிறகு இருபது நிமிடம் கழித்து வெளியே எடுங்கள். மற்றது, பனி தூரத்தைத் தின்பது. பத்து மீட்டரில் நிற்கும் நாய் வெளிறும், மூன்று மீட்டரில் நிற்கும் நாய் தெளிவாக இருக்கும். கோம்பையின் செம்பழுப்பு உடம்பும் கறுத்த மூஞ்சியும் பனிக்கு முன்னால் நன்றாக எடுபடும். நெருங்கிப் போங்கள், காம்பன்சேஷன் +0.7 வையுங்கள், இல்லாவிட்டால் பனி அழுக்குச் சாம்பலாகும். ஊர் திரும்பியதும் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் காற்றாட வையுங்கள். மலை ஈரத்தோடு மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

அன்று இரவே நாயை உண்ணிக்காகத் தடவிப் பாருங்கள்: காதுக்குள், கால்விரல் இடுக்கில், அக்குளில், பட்டைக்கு அடியில். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

பொள்ளாச்சி: டாப்ஸ்லிப்புக்கு நாயைக் கூட்டிப் போகலாமா?

கூடாது. டாப்ஸ்லிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே வீட்டு நாய்க்கு அனுமதி இல்லை, அது சரியான விதி. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயின் கிருமி காட்டு விலங்குகளையும் தாக்கும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்தபோது அவற்றில் சிலவற்றில் அந்தக் கிருமியே கண்டறியப்பட்டது.

புதுச்சேரி. நாய் இல்லை, நாய்ப் பிரியர்: போற ஊர்ல எல்லாம் தெருநாய்களைப் படம் எடுக்கிறேன். நெருங்கிப் போனா குரைக்குது.

85 அல்லது 135 மி.மீ. லென்ஸோடு நாலைந்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். மேலே குனிந்து நிற்கும் ஆளைத்தான் நாய் சந்தேகப்படும். கண்ணுக்குக் கண் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நாயின் கண்ணுக்குப் பின்னால் உள்ள பிரதிபலிப்புப் படலம் பச்சையாக மின்னும். குட்டி போட்ட தாய், சாப்பிடும் நாய், கட்டப்பட்ட நாய் இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்திலேயே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசித் தவணை எல்லாவற்றையும் முடியுங்கள்.

சேலம்: கயிறு இல்லாம நிக்கிற மாதிரி படம் எப்படி எடுக்கிறாங்க?

கயிறு கட்டியேதான் எடுக்கிறார்கள். முக்காலியில் கேமரா, ஃபோகஸும் எக்ஸ்போஷரும் கையால் பூட்டியது. கயிற்றைப் பக்கவாட்டில் தளர்த்திப் பிடித்து ஒரு படம், நாயை நகர்த்திவிட்டு அதே இடத்தில் வெறும் படம் ஒன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கயிறு உள்ள இடத்தை மட்டும் அழித்தால் முடிந்தது. கயிறு முகத்துக்கு முன்னால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை: கோயில் கோபுரம் எடுக்க இறங்குறப்ப அரை மணி நேரம் கார்லயே விட்டுட்டுப் போகலாமா, ஜன்னல் கொஞ்சம் திறந்து வெச்சு?

வேண்டாம். வெளியே 24 டிகிரி இருக்கும்போதே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34, அரை மணியில் 43 டிகிரி ஆகிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறப்பதால் பெரிய வித்தியாசம் வராது. மதுரை வெயிலுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு மூச்சிரைப்பை விட்டால் சூட்டை வெளியேற்றப் பெரிய வழி இல்லை. ஒருவர் வெளியே நாயோடு நிழலில் நிற்க, மற்றவர் போய் வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். கல் தரையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்கக் கூடாது. விடாத இரைப்பு, கெட்டியான எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

யாழ்ப்பாணம். பதின்மூன்று வயது நாய்: கண்ணில நீலம் பூத்திட்டுது, அதிக தூரம் நடக்கேலாது. கடைசியா ஒருக்கா கடற்கரைக்குக் கூட்டிப்போய் நல்ல படம் எடுத்து வைக்க விருப்பம்.

வெயில் ஏறுமுன் போங்கள். காரிலிருந்து இறங்கி இருபது தப்படிக்குள் எல்லாம் நடக்கட்டும். வழக்கமாகப் படுக்கும் பாயையோ சாக்கையோ எடுத்துப்போய் விரியுங்கள். பழகிய வாசனை இருந்தால் சட்டென்று படுத்துவிடும். கண்ணின் மங்கல் நேர் வெளிச்சத்தில்தான் அதிகம் தெரியும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அடங்கிவிடும். அதை மறைத்தே ஆக வேண்டும் என்றில்லை, உங்களுக்குப் பழகிய கண் அதுதானே. நரைத்த முகவாய், வெடித்த பாதம், காதின் பழைய தழும்பு ஒவ்வொன்றையும் நெருக்கமாகத் தனித்தனியே எடுங்கள். வீட்டு ஆட்களின் கை அதன் தலைமேல் இருக்கும் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். நீங்களும் படத்துக்குள் வாருங்கள், போனை ஒரு கல்லில் சாய்த்து பத்து நொடி டைமர் போட்டால் போதும்.

பிறகு அச்சுப் போடுங்கள். 8க்கு 10 அங்குலப் படத்துக்கு 2400க்கு 3000 பிக்சல் இருந்தால் நன்றாக வரும், 12 மெகாபிக்சல் போன் படத்தை ஓரம் வெட்டினாலும் அது கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியைக் கடைக்குக் கொடுக்காதீர்கள், அது சுருக்கப்பட்டது. மூலப் படத்தை பென் டிரைவில் கொடுத்து, மேட் தாளில் கேளுங்கள்.